வியாழக்கிழமை வந்த செவ்வாய்

கிர்ர்ர்ரென்று மணி அலறியது.

கட்டடத்தின் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழைப்பு மணி இல்லை. கட்டடத்தின் வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி வந்து பல்லைக் கூசவைக்கிற சத்தம். லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டு, அவசரப் பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் நிற்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? மணி மூச்சு வாங்கிய இடைவெளியில் மேலேயிருந்து இறங்கிய குரலே ஆளைச் சொல்லிவிட்டது.

"யாராவது இருக்கீங்களா? இல்ல, கட்டடமே காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கா?"

மெக்கானிக்கின் அக்கா!

 அக்கா லிஃப்டுக்குள் இருக்கிறாள் என்றால், ஐந்தாவது மாடி வீட்டில் மெக்கானிக் தனியாக இருக்கிறார். பையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவ ஆரம்பித்தாள்.

அவள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். மருந்து எழுதுவது டாக்டர். மருந்து போய்ச் சேருகிற வீடு எப்படி இருக்கிறது, அங்கே யார் எப்படிப் பேசுகிறார்கள், மனிதர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று போய்ப் பார்ப்பது அவள் வேலை. மெக்கானிக் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்; அவர் வீட்டுக்குப் போவது செவ்வாய்க்கிழமைகளில். அதனால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் 'செவ்வாய்'. "வாங்க செவ்வாய்! என் தம்பி இன்னைக்கும் வாயைத் திறக்கல, நீங்களாச்சு அவனாச்சு" என்பாள். கிண்டலாக ஆரம்பித்தது; போகப் போகப் பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் இன்று வியாழக்கிழமை.

காலையில் மெக்கானிக்கின் குரல் அவள் போனில் பதிவாகியிருந்தது. நோய் வந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்காத மனிதர், அதில் அழகாக, நிதானமாகப் பேசியிருந்தார். "மேடம், ரொம்ப நன்றி. உங்களை நிறைய அலைய வெச்சுட்டேன். இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம். அடுத்த செவ்வாய் வர வேண்டாம்."

வேறு யாராவது கேட்டிருந்தால், அப்பாடா, ஆள் தேறிவிட்டார் என்று ஒரு காபி குடித்திருப்பார்கள். இந்தத் தொழிலில் சில நன்றிகளை நம்பக் கூடாது. திருப்பி அழைத்தாள், கிணற்றில் போட்ட கல். அக்காவை அழைத்தாள். அவள் கடைத்தெருவில் இருந்தாள்.

"அவனா? ஜம்முனு இருக்கான் மேடம்! நேத்து சிரிச்சான்னா பாருங்களேன். டூல் பையைக் கேட்டான். நான்தான் கண்ல பட்டா வேலை ஞாபகம் வரும்னு பீரோல பூட்டி வெச்சிருந்தேன். எடுத்துக் குடுத்ததும் ஒவ்வொண்ணா துடைச்சு, வேற யாருக்காவது உதவும்னு கம்பெனிக்கே குடுத்து அனுப்பிட்டான். சட்டையெல்லாம் அவனே மடிச்சு வெச்சான். சோர்வு விட்டுப் போச்சு மேடம்!"

 கனத்துக் கிடந்தவர் திடீரென்று லேசாகிறார், கைப்பொருளைக் கொடுத்துவிடுகிறார், கலைந்ததை ஒழுங்குபடுத்துகிறார். அக்காவின் கண்ணுக்கு அது விடியல். செவ்வாயின் கண்ணுக்கு, ஊருக்குப் புறப்படுகிற ஒருவர் வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் செய்கிற வேலைகள்.

"அக்கா, உடனே வீட்டுக்குப் போங்க. எதுவும் கேக்காதீங்க. அவர் பக்கத்துல இருங்க. நானும் வந்துக்கிட்டே இருக்கேன்."

அக்காவும் ஓடித்தான் வந்திருக்கிறாள். வந்தவளை லிஃப்ட் விழுங்கிவிட்டது.

நான்காவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் கண்ணில் பட்டது. பழைய லிஃப்ட், உள்ளேயும் வெளியேயும் இழுத்துச் சாத்துகிற கிரில் கதவுகள். கூண்டு ஐந்தாவது மாடியை எட்டிப் பிடிக்கப் போய், பாதியில் மனசு மாறியதுபோல் நின்றிருந்தது. கம்பிகளுக்கு நடுவே அக்காவின் கால்களும், கீழே சரிந்த காய்கறிப் பையும் தெரிந்தன.

"யாரது ஓடுறது?"

"நான்தான் அக்கா."

"செவ்வாயா! கம்பெனிக்கு போன் போட்டாச்சு, ஆள் வர்றானாம். ரோட்டுல நெரிசலாம், மெதுவாத்தான் வருவானாம். நீங்க மேல போங்க, என்னைப் பாக்காதீங்க. ஆனா அவனைக் கூப்பிட்டுடாதீங்க, பாவம், படுத்திருப்பான். ஏன் மேடம், அப்படி ஓடி வரச் சொன்னீங்க? என் தம்பிக்கு என்ன?"

கடைசிக் கேள்வியில் குரல் கொஞ்சம் பிசிறியது.  "பார்த்துட்டுச் சொல்றேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். சாவி அக்காவின் பையில், பை லிஃப்டில். "சார், நான்தான். கதவைத் திறங்க." காதைக் கதவோடு ஒட்டவைத்தாள். கீழே மணி மறுபடி அலறி அடங்கியது.  உள்ளே நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

மெக்கானிக் நின்றிருந்தார். முகம் மழித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். இத்தனை செவ்வாய்க்கிழமைகளில் அவரை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. உயிரோடு இருக்கிறார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வியாழக்கிழமை மேடம்."

"தெரியும். உங்க குரலைக் கேட்டேன். உங்களைப் பாக்கணும்னு தோணிச்சு. உள்ள வரலாமா?"

வீடு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. மேசையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மடித்த சட்டைகள் கட்டில்மேல் அடுக்காக. மூலையில் அவருடைய வேலைக்குப் போகிற பூட்ஸ், பாலிஷ் போட்டு, யாருக்கோ கொடுக்கத் தயாராக.

அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும்; பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸில் கூடவே வருகிறவர் மாதிரி.

"கீழே அக்கா மாட்டிக்கிட்டிருக்காங்க" என்றாள்.

"கேட்டுச்சு." அவர் ஜன்னலையே பார்த்தார். "கம்பெனிலேருந்து ஆள் வருவான். நான் இல்லாமலே நடக்கும்."

சாதாரண வார்த்தைதான். ஆனால் செவ்வாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், அந்த வாக்கியத்தை இந்த வீட்டில் அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். வேறொரு வாயிலிருந்து.

முதல் நாள் டாக்டர் 'மனச்சோர்வு' என்று சொன்னபோது, முன்னால் இருந்த மனம் காற்றோடு போய், பின்னால் இருந்த சோர்வு மட்டும் அக்காவின் காதில் விழுந்தது. சோர்வுக்கு மருந்து என்ன? ஓய்வு! அன்றிலிருந்து தம்பியைத் துரும்பைக்கூட அசைக்க விடவில்லை. கரண்ட் பில் அவள், கடைகண்ணி அவள், ஃபியூஸ் போன பல்பை மாற்றுவதற்குக்கூட ஸ்டூல்மேல் ஏறினது அவள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு அன்பாக ஒரு முத்திரை குத்துவாள்: "நீ எதுக்கும் கவலைப்படாதே. நீ இல்லாமலே எல்லாம் நடக்குது."

'சின்னச் சின்ன வேலையை அவர்கிட்ட விடுங்க அக்கா' என்று செவ்வாய் சொல்லாமல் இல்லை. "நல்லா இருக்கே நியாயம்! காய்ச்சல்காரனைக் கூப்பிட்டுக் கிணறு வெட்டச் சொல்லுவீங்களா?" என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். திட்டுகிற வீடுகளைச் செவ்வாய் நிறையப் பார்த்திருக்கிறாள். 'சோம்பேறி', 'நடிக்கிறான்' என்று நோயாளியைக் குத்திக் கிழிக்கிற வீடுகள். இது திட்டாத வீடு. அதனால் இங்கே ஆபத்து குறைவு என்று அவளும் கொஞ்சம் அசந்துவிட்டாள்.

"சார், நீங்க எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட போன்ல எப்படிப் பேசணும்னு?"

அவர் சட்டை நுனியை நீவிவிட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லவே கூடாது, அப்பதான் பயம் ஜாஸ்தியாகும்னீங்க. உள்ளே என்ன சத்தம் கேக்குதுன்னு கேப்பேன், அவங்க சத்தத்தைக் கேட்டுச் சொல்றதுக்குள்ள மூச்சு சீராயிடும்னீங்க."

அவர் தலை லேசாக அசைந்தது.

"அதையே உங்ககிட்ட கேக்கறேன். உள்ளே என்ன சத்தம் கேக்குது?"

வெகுநேரம் அவர் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படவில்லை. அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தை அடக்கிக்கொள்ளத்தான் இந்தத் தொழிலில் அவளுக்கு அதிக காலம் பிடித்தது.

"நீ இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு கேக்குது" என்றார் கடைசியில். "அக்கா குரல்ல. நாள் பூரா. தூக்கத்துலகூட."

"ம்."

"நீங்களும் சொன்னீங்களே மேடம். லீவு வாங்கிக் குடுத்தப்போ. 'கம்பெனியைப் பத்திக் கவலைப்படாதீங்க, நீங்க இல்லாமலே பாத்துப்பாங்க'ன்னு."

கோபமில்லாமல்தான் சொன்னார். கணக்கு சரியாக இருக்கிறது என்று காட்டுவதுபோல். செவ்வாய்க்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சொன்னாள்தான். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள். ஆறுதல் சொன்னவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த மனிதரின் காலுக்குக் கீழே இருந்த பலகையை ஒவ்வொன்றாக உருவியிருக்கிறார்கள்.

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமல், நேராகக் கேட்டாள். "சார், செத்துடலாம்னு நினைக்கிறீங்களா?"

கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்று ஊரெல்லாம் பயம். கேட்காமல் விட்டால்தான் அது இருட்டில் வேர்விடும் என்று அவளுக்குத் தெரியும். 

அவர் முதல் முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அதட்டல் இல்லை, அழுகை இல்லை, 'ஐயையோ' இல்லை என்று தெரிந்ததும், அவர் தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின.

"ஆமா."

"எப்போன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"இன்னைக்கு. அக்கா கடைக்குப் போனதும்."

எப்படி என்றும் கேட்டாள். சொன்னார். அவரையே எடுத்துத் தரச் சொன்னாள். இழுப்பறையில் பதுக்கியிருந்ததை எடுத்து வந்து நீட்டினார். வாங்கித் தன் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.  

"ஏன் மேடம் என்னைத் தடுக்கறீங்க? அவளுக்கும் பாரம் குறையும். நான் இருக்கறதாலதானே அவளால ஒரு இடம் போக முடியல, வர முடியல."

"அக்காகிட்ட கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"சார், இதை நான் எனக்குள்ளயே வெச்சுக்க மாட்டேன். டாக்டருக்கு இப்பவே சொல்லப்போறேன். இன்னைக்கு ராத்திரி நீங்க தனியா இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில இருக்கலாம், கூடவே நான் வர்றேன். அக்காகிட்ட நான் சொல்லலாம், இல்ல நீங்க சொல்லலாம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பதில் சொல்லுமுன் கீழேயிருந்து கடகடவென்று இரும்பு குலுங்கியது. நாற்காலியில் குழைந்து கிடந்த முதுகு சட்டென்று நிமிர்ந்தது.

"கிரில்லை இழுக்கறா."

"யாரு?"

"அக்காதான். இழுக்கக் கூடாது. பாதியில நிக்கறப்போ இழுத்துத் திறந்து வெளியே ஏறப் பார்ப்பாங்க. அப்படி ஏறும்போது கூண்டு திடீர்னு நகர்ந்துட்டா…" முடிக்கவில்லை. "யாராவது சொல்லணும்."

"நான் சொல்றேன். என்ன சொல்லணும்?"

"நீங்க சொன்னா கேக்க மாட்டா. டாக்டர் சொல்லியே கேக்காதவ."

அது உண்மை. செவ்வாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'நீங்கள் போங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது இன்னொரு உத்தரவு ஆகிவிடும்.

மறுபடி கடகட.

மெக்கானிக் நாற்காலிக் கைகளைப் பிடித்தார். எழுந்தார். அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுகிறவர் மாதிரி எழுந்தார். வாசல் வரை போவதற்குள் சுவரை இரண்டு தரம் பிடித்துக்கொண்டார். எழுந்துவிட்டதால் நோய் ஓடிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நோய் அவர் முதுகிலேயேதான் உட்கார்ந்திருந்தது. அதையும் சுமந்துகொண்டுதான் போனார்.

லிஃப்ட் வாசலில், வெறும் தரையில், கிரில்லில் சாய்ந்து உட்கார்ந்தார். கூண்டு கீழே நின்றதால் அக்காவின் முகம் அவருக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்து பார்த்தால் அவர் பாதங்கள் மட்டும்தான் தெரியும்.

"அக்கா. கிரில்லை விடு."

உள்ளே சத்தம் நின்றது. "டேய்! நீ ஏன்டா எழுந்து வந்தே? போய்ப் படு. வெறுங்காலோட வந்திருக்கே, தரை சில்லுனு இருக்கும். நான் பாத்துக்கறேன், போ."

"கையை எடு. எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு."

"நடுவுல உக்காரு. சுவர்ல சாயாதே."

"தக்காளிமேல உக்காரச் சொல்றியா?"

"ஓரமாத் தள்ளிட்டு உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். முட்டி மடங்கும்போது விட்ட முனகல் மேலே வரை கேட்டது. செவ்வாய் சில படிகள் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் டாக்டரிடம் போனில் பேசி முடித்தாள், படுக்கை ஏற்பாடாகிவிட்டது. திரும்பி வந்து சுவரோரம் நின்றுகொண்டாள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவதை அவள் செவ்வாய்க்கிழமைகளில் பார்த்திருக்கிறாள். 'லிஃப்ட்தான் இருக்கே அக்கா?' என்றால், 'உங்களை மாதிரி ஒல்லியா ஆக வேணாமா?' என்று சிரிப்பாள்.

"அக்கா" என்றார் மெக்கானிக். "எனக்குச் சோர்வு இல்லக்கா."

"அதான் தெரியுதே! நேத்துலேருந்து முகமே…"

"சோர்வு இல்ல. இருக்கவே வேணாம்னு தோணுது. இன்னைக்கு நீ திரும்பி வரும்போது நான் இருந்திருக்க மாட்டேன்."

 எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்காரி, மூச்சு விடுவதுகூடக் கேட்காமல் இருந்தாள். முகம் பார்த்திருந்தால் அவர் இதைச் சொல்லியிருக்க முடியாது. முகம் பார்த்திருந்தால் அவளும் அழுது ஊரைக் கூட்டியிருப்பாள். இருட்டுக் கூண்டிலிருந்து யாருடையதோ போன்ற ஒரு குரல் வந்தது.

"நான் எதுலயாவது குறை வெச்சுட்டேனாடா?"

"ஒரு குறையும் வெக்கல. அதான். எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்டே. நான் இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு நீயே சொன்னே. நான் எதுக்கு?"

 செவ்வாய்க்கு, 'அக்கா, ஏதாவது சொல்லுங்கள்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள்.

மெக்கானிக் கிரில்லுக்குள் கையை நுழைத்துக் கதவின் கீழ்த்தண்டவாளத்தை விரலால் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த தூசி. எண்ணெயே இல்லை. அவர் நெற்றி சுருங்கியது. இத்தனை மாதங்களில் அந்த நெற்றி ஒரு விஷயத்துக்காகச் சுருங்கி செவ்வாய் பார்த்ததில்லை.

"ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு உதறல் வந்திருக்குமே" என்றார். "ரொம்ப நாளாவே வந்திருக்கும். இந்த லிஃப்டை நான் பாத்தவரைக்கும் ஒரு தடவையாவது நின்னிருக்கா? தினம் ஏறி இறங்கறியே, உனக்குத் தெரியலையா? என்கிட்ட ஏன் சொல்லல?"

கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. கம்பெனி ஆள் வாசற்கதவைத் திறக்கிற ஓசை. அவன் மேலே வந்து சேர்வதற்கு முன்னால், கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை மேலே நீண்டு, கம்பிகளின் வழியே, கைக்கு எட்டிய அந்த வெறும் பாதத்தை இறுகப் பிடித்தது.

"நான் எங்கடா இதுல ஏறினேன்? நீ படுத்த நாள்லேருந்து எனக்குப் படிதான். நீ கை வெக்காத லிஃப்ட்ல கால் வெக்க பயம்டா எனக்கு, இன்னைக்கு உனக்கு என்னமோன்னு பதறித்தான் ஏறிட்டேன்."